படுக்கையருகே கேட்பவர்

தமிழில் 'கேள்' என்னும் ஒரு சொல்லைக் கொண்டு நாம் பல வேலைகளை நடத்திக்கொள்கிறோம். ஒலியைச் செவியில் வாங்குவதும் கேட்டல். ஐயத்தை வாய்விட்டு வினவுவதும் கேட்டல். வேண்டியதைப் பெறக் கை நீட்டுவதும் கேட்டல். பெரியவர் சொற்படி நடக்கும் பிள்ளையைச் 'சொன்னால் கேட்பவன்' என்கிறோம். மருத்துவமனைக்குள் நுழைந்தால் இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் வந்து சேர்கிறது. "போன வாரம் கொடுத்த மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்கல டாக்டர்" என்று வெளிநோயாளிப் பிரிவில் நாள்தோறும் யாரேனும் ஒருவர் சொல்லக் கேட்கிறோம். மருந்து நோயிடம் ஏதோ சொல்கிறது. நோய் அதற்குச் செவி கொடுக்கிறது, அல்லது கொடுக்க மறுக்கிறது. இப்படி ஒரு வழக்கை உண்டாக்கிய மக்கள், கேட்பதற்கும் குணமடைவதற்கும் இடையே ஏதோ ஒரு தொடர்பை உணர்ந்திருக்க வேண்டும். பழந்தமிழில் 'கேள்' பெயர்ச்சொல்லாக நின்றால் உறவு, நட்பு என்றும் பொருள்படும்.

உறவினர்களுக்கு நம் வார்டுகளில் குறைவில்லை. பார்வையாளர் நேரம் தொடங்கியதும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் பிளாஸ்கும் ஏந்தி அவர்கள் வருகிறார்கள். படுத்திருப்பவரைச் சுற்றி நின்று அன்போடு பேசுகிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் பேசி முடித்துவிடுகிறார்கள். படுத்திருப்பவர் மட்டும் ஏதும் பேசியிருக்க மாட்டார். அன்பு குறைந்ததால் இப்படி நிகழ்வதில்லை. வந்தவர்களின் உள்ளத்தில் அச்சமும் ஆறுதலும் அறிவுரையும் ஒருசேர இரைந்துகொண்டிருக்கின்றன. அந்த இரைச்சலில் நோயாளியின் மெல்லிய குரல் எழவே இடமில்லை. கேட்பதற்குச் செவி மட்டும் போதாது, உள்ளே சற்று அமைதியும் வேண்டும் என்பதைப் பற்றியே இந்த இதழில் பேச விரும்புகிறோம். இது துறவிகளுக்கு மட்டும் உரிய செய்தி என்று தோன்றலாம். மருத்துவத்தின் அன்றாடக் கருவிகளே இதைத்தான் சொல்கின்றன.

மருத்துவர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்பே, 1761இல், ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் ஆவென்பிரக்கர் என்பவர் நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். அவர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டிப் பார்த்து அதில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று கண்டுகொள்வது விடுதிகளில் வழக்கம். அந்த நூலை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலான மருத்துவர்கள் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் மருத்துவரான கோர்விசார் 1808இல் அதைப் பிரெஞ்சில் பெயர்த்த பிறகே அது பரவியது. கேட்டலைப் பற்றிய நூலையே யாரும் கேட்காமல் விட்டது வேடிக்கைதான்.

கோர்விசாரிடம் பயின்றவர் ரெனே லாயென்னெக். 1816இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில், இதயநோய்க் குறிகளுடன் ஓர் இளம்பெண் அவரிடம் வந்தார். பெண்ணின் உடல் பருத்திருந்ததால் தட்டிப் பார்ப்பது பயன்படவில்லை. இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்பதும் முறையாகப் படவில்லை. மரச்சட்டத்தின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் காது வைத்தவருக்கு அது தெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. தாள்களை இறுகச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரடியாகக் காது வைத்துக் கேட்டதைவிட இதயத் துடிப்பு தெளிவாகக் கேட்டது. பின்னர் மரத்தில் குழல் செய்துகொண்டு, மூன்றாண்டுகள் நோயாளிகளின் மார்பைக் கேட்டுக் கேட்டுக் குறித்துவைத்து, 1819இல் தம் பெருநூலை வெளியிட்டார். லாயென்னெக் புல்லாங்குழல் வாசிப்பவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். ஒலியின் நுண்மைகளைப் பிரித்தறியும் செவி அவருக்கு முன்பே வாய்த்திருந்தது. எந்த நோயின் ஒலிகளை விரிவாக விளக்கினாரோ அதே காசநோயால் 1826இல், 45ஆம் வயதில், அவர் மறைந்தார்.

அந்தக் குழல் வழியாக மருத்துவர் எதைக் கேட்கிறார்? இதயம் 'லப்-டப்' என்று துடிப்பதாகச் சொல்கிறோம். இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையேயுள்ள வால்வுகள் மூடும்போது முதல் ஒலியும், பெருந்தமனியின் வாயிலிலும் நுரையீரல் தமனியின் வாயிலிலும் உள்ள வால்வுகள் மூடும்போது இரண்டாம் ஒலியும் எழுகின்றன. மருத்துவ மாணவர்களுக்கு முதலில் பிடிபடுவது இவ்விரு ஒலிகளே. தேர்ந்த மருத்துவரின் செவியோ, ஒலிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியிலும் நிற்கிறது. நலமான இதயத்தில் அந்த இடைவெளி பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஏனெனில் சீராக ஓடும் ரத்தம் ஓசையிடுவதில்லை. வால்வு சுருங்கியிருந்தாலோ சரியாக மூடாமல் ஒழுகினாலோ ரத்தம் சுழித்தோடி, அவ்விடைவெளியில் ஒரு முணுமுணுப்பு எழும். அதைப் பிடிக்க வேண்டுமானால் மருத்துவர் சில வினாடிகள் தமக்குள்ளும் பேச்சை நிறுத்த வேண்டும். அடுத்த நோயாளியை எண்ணிக்கொண்டே முணுமுணுப்பைக் கேட்டுவிட முடியாது.

ரத்த அழுத்தம் பார்ப்பதும் இப்படித்தான். 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் கொரோட்கோவ் கண்டறிந்து சொன்ன முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. கையில் கட்டிய பட்டையில் காற்றை ஏற்றித் தமனியை முழுதும் அழுத்திவிட்டால், முழங்கை மடிப்பில் வைத்த ஸ்டெதஸ்கோப்பில் ஓசை ஏதும் வராது. காற்றை மெல்ல விட, ஒரு கட்டத்தில் 'டக், டக்' என்று ஒலி தொடங்கும். அது மேல் எண். மேலும் விட, ஒலி மங்கி மறையும். அது கீழ் எண். நம் பதிவேட்டில் 120/80 என்று எழுதும் இரண்டு எண்களும் இரண்டு மௌனங்களின் எல்லைகள். அதனால்தான் ரத்த அழுத்தம் பார்க்கும்போது பேச வேண்டாம் என்று செவிலியர் சொல்கிறார். பேசினால் அழுத்தமும் ஏறும், ஒலியின் தொடக்கமும் தவறிப்போகும்.

மௌனமெல்லாம் நலத்தின் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. கடும் ஆஸ்துமாத் தாக்குதலில் மூச்சுத் திணறும் ஒருவரின் மார்பில் விசில் போன்ற இரைப்பு கேட்டுக்கொண்டே இருந்து, திடீரென அடங்கிவிட்டால், வீட்டார் 'தேவலையாகிவிட்டது' என்று நிம்மதி கொள்வதுண்டு. மூச்சு எளிதாகி, அவர் இயல்பாகப் பேசினால் அது நல்ல செய்தி. இரைப்பு நின்றும் அவர் சோர்ந்து, பேச முடியாமல், மயங்கிய நிலைக்குப் போகிறார் என்றால், ஓசையெழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போய்வரவில்லை என்று பொருள். அது மிகப்பெரும் ஆபத்து. நொடியும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மருத்துவர் கேட்பதும் குடலின் ஓசை இருக்கிறதா என்பதைத்தான். வயிறு முற்றிலும் ஓசையற்றிருந்தால் அவர் முகம் மாறுவதைக் காணலாம். வீடுகளிலும் இவ்விரு வகை மௌனமும் உண்டு என்பது வாசகர்களுக்குத் தெரியாததன்று.

ஸ்டெதஸ்கோப்புக்கு ஒரு குறை இருக்கிறது. அதைக் காதில் மாட்டியிருக்கும்போது நோயாளி பேசுவது கேட்காது. பல நோயாளிகள், குறிப்பாக முதியவர்கள், அந்நேரத்தில்தான் பேசத் தொடங்குகிறார்கள். மருத்துவர் அருகில் குனிந்திருக்கிறார், தொட்டுப் பார்க்கிறார். அந்த நெருக்கத்தில் நெஞ்சில் இருப்பது நாவுக்கு வந்துவிடுகிறது. உதடு அசைவதைக் கண்டு குழலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "என்ன சொன்னீங்க பாட்டி?" என்று கேட்கும் மருத்துவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் நோயாளிகள் மறுபடியும் மறுபடியும் வருவதன் காரணம் மருந்துச்சீட்டில் மட்டும் இல்லை.

எத்தனை வினாடிகள்?

மருத்துவர்கள் எவ்வளவு நேரம் குறுக்கிடாமல் கேட்கிறார்கள் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்னும் இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவைப் பரிசீலித்தனர். நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கியபின் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவரின் குறுக்கீடு வந்தது. 74 பேரில் 17 பேருக்கு மட்டுமே தொடக்க முறையீட்டைச் சொல்லி முடிக்க வாய்ப்புக் கிடைத்தது. இதைக் கேட்ட பலரும் சொல்லும் மறுமொழி, 'பேசவிட்டால் அவர்கள் நிறுத்தவே மாட்டார்கள்' என்பது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2002இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கும் விடை தந்தது. நோயாளி தாமாக முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்குமாறு மருத்துவர்களிடம் சொல்லிவிட்டு நேரத்தைக் குறித்தார்கள். 335 நோயாளிகள் சராசரியாக 92 வினாடிகள் பேசினர். ஐந்தில் ஏறத்தாழ நான்கு பேர் இரண்டு நிமிடங்களுக்குள் முடித்துவிட்டனர். ஐந்து நிமிடங்களைக் கடந்தவர் எழுவர் மட்டுமே; அவர்கள் சொன்னதும் தேவையான செய்திதான் என்று அவர்களின் மருத்துவர்கள் கருதினர்.

ஒன்றரை நிமிடம் என்பது காபி ஆற்றும் நேரம். நம் நாட்டு வெளிநோயாளிப் பிரிவுகளில் காத்திருக்கும் வரிசையைக் கண்டவர்கள், அந்த ஒன்றரை நிமிடமும் எளிதில் கிடைப்பதில்லை என்பதை அறிவார்கள். எனினும் நோயாளியின் மூன்றாவது, நான்காவது வாக்கியத்தில்தான் முதன்மையான செய்தி பெரும்பாலும் வருகிறது. 'முழங்கால் வலி' என்று தொடங்குபவர், எழுந்து கதவருகே சென்று திரும்பி, "அப்புறம் டாக்டர், படி ஏறினா நெஞ்சு கொஞ்சம் அடைக்குது, அது வயசுக்குத்தான்னு நினைக்கிறேன்" என்பார். முழங்கால் அன்று காத்திருக்கலாம், நெஞ்சு காத்திருக்காது. நோயாளிகளுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று: கதவருகே சொல்ல வைத்திருப்பதை நாற்காலியில் அமர்ந்ததும் சொல்லிவிடுங்கள்.

உள்ளிரைச்சல்

குறுக்கிடுவது மருத்துவர்கள் மட்டுமல்லர். வாயால் குறுக்கிடாதவரும் உள்ளத்தால் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கலாம். எதிரில் இருப்பவர் பேசும் வேகத்தைவிட நம் எண்ணம் விரைவாக ஓடுகிறது. மிஞ்சும் நேரத்தில் அது சும்மா இருப்பதில்லை. பதில் தயாரிக்கிறது, ஒப்பிடுகிறது, தீர்ப்புச் சொல்கிறது, நாளைக்குக் கட்ட வேண்டிய பணத்தைக் கணக்கிடுகிறது. நம் நாட்டில் மௌன விரதம் இருப்பவர்கள் உண்டு. வாய் மூடியிருக்க, மனம் சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தால் அந்த விரதத்தால் கேட்கும் திறன் கூடாது.

உடலின் அமைப்பிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. நடுச்செவியில் சிறு எலும்புகளைப் பிடித்திருக்கும் நுண்ணிய தசைகள் உண்டு. நாம் பேசத் தொடங்கும் தறுவாயிலேயே அவை இறுகி, செவிக்குள் போகும் ஒலியைக் குறைக்கின்றன. நம் குரலே நம் காதை உறுத்தாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. பேசுகிறவரின் செவி, பேசும் நேரத்தில், சற்றே சாத்தப்பட்ட கதவு.

நோயாளியின் அருகே இருப்பவரின் உள்ளிரைச்சலில் மிக உரத்த குரல் அச்சத்தினுடையது. படுக்கையில் இருக்கும் அப்பா ஒரு மாலையில், "எனக்கென்னமோ இந்தத் தடவை வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்னு தோணுதும்மா" என்கிறார். மகள் பதறி, "அபசகுனமாப் பேசாதீங்கப்பா. ஒண்ணும் ஆகாது. இந்தக் கஞ்சியைக் குடிங்க" என்கிறாள். பாசம்தான் அப்படிப் பேசவைத்தது. எவரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அவ்விடத்தில் ஒரு கதவு மூடிக்கொண்டது. அவர் அடுத்து என்ன சொல்ல இருந்தார் என்பது இனி யாருக்கும் தெரியாது. பல ஆண்டுகளாகப் பேச்சில்லாத தம்பியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதாக இருக்கலாம். பக்கத்து ஊரில் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிய கடன் அடையாமல் இருக்கிறது என்பதாக இருக்கலாம். மூச்சு நின்றால் குழாய் போட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்பதாகவும் இருக்கலாம். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று, 'அப்பாவுக்கு என்ன விருப்பம்?' என்று மருத்துவர் கேட்கும்போது, பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த வாக்கியத்துக்கு மருத்துவ முறையிலும் ஒரு மதிப்பு உண்டு. 'ஏதோ கெட்டது நடக்கப்போகிறது' என்று திடீரெனத் தோன்றும் கலக்கத்தை மருத்துவ நூல்கள் ஒரு நோய்க்குறியாகவே பதிவு செய்திருக்கின்றன. மாரடைப்பிலும், மருந்து ஒவ்வாமையின் கடுமையான வடிவத்திலும், ரத்தம் ஏற்றும்போது உண்டாகும் எதிர்வினையிலும், வேறு குறிகள் தென்படும் முன்பே சிலருக்கு இவ்வுணர்வு வருவதுண்டு. எனவே ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதோ புதிய ஊசி போட்ட சற்று நேரத்திலோ நோயாளி, "என்னமோ மாதிரி இருக்கு, பயமா இருக்கு" என்றால், 'தைரியமா இருங்க' என்று தேற்றுவதோடு நின்றுவிடாமல் உடனே செவிலியரை அழையுங்கள். பத்தில் ஒன்பது முறை அது வெறும் பதற்றமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அழைத்ததற்காக எவரும் உங்களைக் கடிந்துகொள்ளப்போவதில்லை.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860ஐ ஒட்டி வெளியிட்ட செவிலியம் பற்றிய சிறு நூலில் இரைச்சலுக்கென ஓர் இயலும், வெற்று நம்பிக்கையையும் அறிவுரையையும் வாரி வழங்கும் பார்வையாளர்களுக்கென இன்னோர் இயலும் ஒதுக்கியிருக்கிறார். அந்த இரண்டாம் இயலைப் படித்தால், அவர் நம் வார்டில் பார்வையாளர் நேரத்தில் நின்று எழுதினாரோ என்று ஐயம் எழும். நோயாளிக்குத் தம் நிலை நன்றாகத் தெரிந்திருக்க, வந்தவர்கள் ஆளுக்கொரு முறை 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லிப்போவது அவரை எவ்வளவு தனிமைப்படுத்துகிறது என்பதை நைட்டிங்கேல் கண்டிருந்தார். நோயாளி இருக்கும் அறையிலேயே கிசுகிசுப்பது கொடுமை என்றும் கருதினார். ஏனெனில் நோயாளி அதைக் கேட்க மூச்சைப் பிடித்துக்கொண்டு முயல்கிறார். அவர் தந்த எளிய வழிகள் இன்றும் அப்படியே பொருந்துகின்றன: நோயாளி பேசும்போது உட்காருங்கள், அவர் தலையைத் திருப்பாமல் காணும் இடத்தில் உட்காருங்கள், பின்னாலிருந்தும் கதவிலிருந்தும் பேசாதீர்கள், அவசரத்தைக் காட்டாதீர்கள்.

கேட்பதிலிருந்து ஒரு மருத்துவத் துறையே பிறந்த கதையும் உண்டு. 1948இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் போலந்திலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்னும் யூதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். உறவினர் எவரும் உடனில்லை. சமூகப்பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ் அவரருகே அமர்ந்து பல மாலைகள் பேச்சைக் கேட்டார். இறந்துகொண்டிருப்பவர்களுக்கென ஓர் இல்லம் வேண்டும் என்ற எண்ணம் அவர்களுடைய பேச்சில் உருவாயிற்று. அதில் தாம் ஒரு சன்னலாக இருப்பதாகச் சொல்லி, டாஸ்மா 500 பவுண்டு விட்டுச்சென்றார். முன்பே செவிலியராகப் பயின்றிருந்த சாண்டர்ஸ், அதன்பின் மருத்துவமும் படித்துத் தேறினார். ஹாக்னியிலுள்ள புனித ஜோசப் இல்லத்தில் நோயாளிகளின் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து, அவர்கள் வலியை எந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்தார். வலி என்பது உடலோடு நிற்பதில்லை. மனக்கலக்கம், குடும்பக் கவலை, பணமுடை, 'எனக்கு ஏன் இது' என்னும் வினா யாவும் அதில் கலந்திருக்கின்றன என்று அவர் கண்டது அப்படித்தான். அதை 'முழுமையான வலி' என்று அழைத்தார். வலி வந்து அலறிய பிறகு மருந்து கொடுப்பதை விட்டு, வலி திரும்பும் முன்பே மணிக்கணக்கின்படி வலிநீக்கி கொடுக்கும் முறையை அவர் வலியுறுத்தினார். 1967இல் லண்டனின் தெற்கில் புனித கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. நம் பக்கத்து மாநிலத்தில், கோழிக்கோட்டில், 1993இல் தொடங்கிய வலிநிவாரணப் பணி அவ்வழியில் வந்ததே. அங்கே சாதாரண மக்கள் தன்னார்வலராகப் பயிற்சி பெற்று, நோயுற்றோர் வீடுகளுக்குச் சென்று அமர்கிறார்கள். அவர்கள் செய்யும் பணியில் பெரும்பகுதி, கேட்பது.

அமைதியை எங்கே தேடுவது?

வார்டில் அமைதி இருக்காது. மானிட்டர் கூவும், டிராலி உருளும், பக்கத்துப் படுக்கைக்காரரின் கைப்பேசியில் தொடர் ஓடும். இவை ஓயும்வரை காத்திருந்தால் ஒருவரும் ஒருவரையும் கேட்க இயலாது. உள்ளே ஓர் இடம் ஒதுங்கினால் போதும். அதற்கு யோகப் பயிற்சி தேவையில்லை. படுக்கையருகே உட்காருமுன் கைப்பேசியைப் பையில் வைத்துவிடுங்கள். மூச்சை ஒருமுறை நீள விடுங்கள். அவர் பேசத் தொடங்கும்போது உங்கள் வாயில் ஒரு பதில் உருவாவதைக் கவனியுங்கள். கட்டாயம் உருவாகும். அதை விழுங்க வேண்டாம், விரட்டவும் வேண்டாம், காத்திருக்கச் சொல்லுங்கள். அவர் நிறுத்தியதும் உடனே நிரப்பாமல் இரண்டு மூச்சு நேரம் பொறுங்கள். அந்த வெற்றிடத்தில்தான் பெரும்பாலும் அடுத்த வாக்கியம், அவர் உண்மையில் சொல்ல வந்த வாக்கியம், வந்து விழுகிறது. பணக்கவலையும் விடுப்புக்கவலையும் அந்தப் பத்து நிமிடத்தில் எங்கும் போய்விடமாட்டா. வெளியே வந்ததும் அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பக்கவாதத்தில் பேச்சிழந்தவரிடம் இந்தப் பொறுமை சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகிவிடுகிறது. சொல்ல வந்த சொல் உள்ளே இருக்கிறது. நாவுக்கு வர வழி தேடுகிறது. 'தண்ணியா? போர்வையா? டிவியா?' என்று நாம் அடுக்கினால் அந்தத் தேடல் கலைந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு வினா, 'ஆம்', 'இல்லை' என்று தலையசைக்கக்கூடிய வினா, பிறகு காத்திருத்தல். உரக்கக் கத்தவும் வேண்டாம், பழுதானது காதன்று. முதியவர் எனில், வீட்டில் பயன்படுத்தும் காதுக் கருவியைக் கொண்டுவந்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் அது வீட்டு மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கும்.

மருத்துவர் சுற்றுக்கு வரும்போது நிகழும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். "ராத்திரி எப்படி இருந்தது ஐயா?" என்று மருத்துவர் கேட்பது படுத்திருப்பவரிடம், விடை வருவதோ தலைமாட்டில் நிற்கும் மகனிடமிருந்து. "நல்லாத் தூங்கினார் டாக்டர்." தூங்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தவர் மகனை மறுத்துப் பேச மனமின்றி விட்டுவிடுகிறார். பெண்களிடம் இது இன்னும் மிகுதி. மருமகளோ மகனோ அருகிருக்கும்போது சிறுநீர்ச் சிக்கலையோ மாதவிடாய்க்குப் பிந்தைய ரத்தப்போக்கையோ ஓர் அம்மா சொல்லவே மாட்டார். மாதவிடாய் நின்ற பின் வரும் ரத்தப்போக்கு உடனே ஆராயப்பட வேண்டிய அறிகுறி. மருத்துவர் வரும் நேரத்தில் முதல் விடையை நோயாளிக்கே விட்டுவிடுங்கள். விடுபட்டதை அதன்பின் நீங்கள் சேர்க்கலாம். அம்மாவிடம் மருத்துவரோ செவிலியரோ தனியே பேச விரும்பினால், சற்று நேரம் வெளியே போய் ஒரு தேநீர் அருந்திவிட்டு வாருங்கள்.

உடனிருந்து பார்த்துக்கொள்பவரைப் பற்றி இன்னும் கொஞ்சம். பத்து நாளாகத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்து, மருந்துக்கடைக்கும் ரத்தவங்கிக்கும் ஓடிக்கொண்டிருப்பவருக்கு உள்ளமைதி எங்கிருந்து வரும்? அவர் சொல்வதையும் யாரேனும் கேட்டால்தான் வரும். நலம் விசாரிக்கத் தொலைபேசும் உறவினர்கள், 'அத்தைக்கு எப்படி இருக்கு?' என்று கேட்டபின், 'நீ எப்படி இருக்கே, சாப்பிட்டியா?' என்றும் கேட்டுவிட்டு விடை வரும்வரை பொறுத்திருக்கலாம். இரவு ஒருவர் மாறி இருக்க முன்வந்தால் அது இன்னும் நன்று. கவலை தூக்கத்தையும் உணவையும் கெடுக்கத் தொடங்கிவிட்டால், நோயாளியின் கோப்போடு உங்கள் நிலையையும் வார்டுச் செவிலியரிடம் சொல்லுங்கள். மாலைச் சுற்று முடிந்து இரவு உணவு வருமுன் உள்ள நேரத்தில் வார்டு ஓரளவு அடங்கியிருக்கும். அப்போது வந்தால் உட்கார்ந்து பேசலாம்.